வார்டுக் கூட்டமும் நம் கடமையும்

(யூபிலி ஆண்டையொட்டி, பங்குப் பேரவையினரும் அன்பியப் பொறுப்பாளர்களும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு என்றதும் ஆலயத்துக்கு வண்ணம் பூசுவதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், மலர் வெளியிடுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இன்று மாலை நாம் பேசப்போவது சாக்கடையைப் பற்றி, தெருவிளக்கைப் பற்றி, குடிநீர்க் குழாயைப் பற்றி, இவற்றைப் பேசுவதற்கென்றே சட்டம் வகுத்துள்ள ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. "இது கவுன்சிலர் வேலையாயிற்றே, சாமியார் ஏன் இதில் தலையிடுகிறார்?" என்று உங்களில் சிலர் நினைப்பது எமக்குப் புரிகிறது. விவிலியத்தின் லேவியர் நூலில் யூபிலி ஆண்டைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். விற்றுவிட்ட நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பவைதான் அங்கே முதன்மையான கட்டளைகள். நிலமும் வீடும் கடனுமாகிய ஊர்க் காரியங்களை விட்டுவிட்டு யூபிலி கொண்டாட வழியில்லை.

முதலில், அந்தக் கூட்டம் எது என்பதைத் தெரிந்துகொள்வோம். கிராமத்தில் பிறந்து இங்கே குடியேறியவர்களுக்குக் கிராம சபை பழக்கமானது. நகரத்தில் அப்படி ஒன்று நெடுங்காலம் இல்லை. 1993ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. அது நம் மாநிலத்தில் ஒவ்வொரு தெருவையும் எட்டுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகளை வெளியிட்டது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடுவது பகுதி சபை. பகுதிகளின் பிரதிநிதிகளும், தலைவராக வார்டின் மாமன்ற உறுப்பினரும் சேர்ந்தது வார்டுக் குழு. எந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், எங்கே குழாய் வைக்க வேண்டும், எங்கே மழைநீர் தேங்குகிறது, எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லும் இடம் அது.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, முதலமைச்சராயிருந்த திரு. மு. க. ஸ்டாலின் வந்து அமர்ந்த பகுதி சபைக் கூட்டம் நம் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில்தான் நடந்தது. அன்று பந்தலும் கூட்டமும் படம் பிடிப்பவர்களும் இருந்தார்கள். முதலமைச்சர் வராத நாளில் அதே கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கூட்டம் எளிதில் கிடைத்ததன்று. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தமிழகத்தின் நகரங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் நாள். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்த நகரத்துக்கும் கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். அவர்களில் நல்லவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆயினும் தெருவிளக்கு எரியாதபோது, "நீங்கள் எங்கள் வாக்கால் வந்தவர்" என்று சொல்லி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை நமக்கு இல்லாமல் போயிற்று. அந்த இடைவெளிக்குள்ளேதான், 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து எழுபது வார்டுகள் கொண்ட ஒரே மாநகராட்சியாயின. 2022 மார்ச்சில் திருமதி வசந்தகுமாரி கமலக்கண்ணன் அதன் முதல் மேயரானார். பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பதவிக்கு, இருபத்தைந்து வயதே ஆன ஓர் இளம் பெண் வந்தார். ஊர் பெரிதானது, அலுவலகம் பெரிதானது. பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தே சென்று மனுக் கொடுத்தவருக்கு இனி அருகில் இருப்பது வார்டுக் கூட்டம் ஒன்றுதான். ஆதலால் அதைக் கைவிட்டால் நமக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நிற்க, நாம் தீவில் வாழ்ந்த ஒரு காலத்தை நினைவுபடுத்த விரும்புகிறோம். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை மறந்தவர் இங்கே இருக்க மாட்டார். மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தது. மொட்டை மாடியில் நின்ற குடும்பங்களைப் படகு வைத்து மீட்டார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு வீடும் ஒரு தீவாக இருந்தது. ஆனாலும் பத்தாண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் ஒரே பானைக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தண்ணீர் வடிந்தது. பிறகு நாம் என்ன செய்தோம்? வசதியுள்ளவர் வீட்டின் தரையை மூன்றடி உயர்த்தினார். மதில் சுவரை எழுப்பினார். வாசலில் சரிவாக மண் கொட்டினார். அவர் செய்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனெனில் பிள்ளைகளை இடுப்பளவு நீரில் தூக்கிச் சென்றவர் அவர். ஆனால் அவர் வாசலில் நிற்காத தண்ணீர் எங்கே போகும்? வீட்டை உயர்த்த முடியாத வாடகைக்காரர் வீட்டுக்குள் போகும். ஒரு வீட்டார் கேட்க வேண்டியது தம் வாசலுக்கு மண், தெருவார் கேட்க வேண்டியது எல்லார் வீட்டு நீரும் போகும் கால்வாய். அந்தக் கால்வாயைத் தனி மனிதர் தம் பணத்தில் கட்ட முடியாது. கூடிப் பேசித்தான் கேட்டுப் பெற வேண்டும்.

தெருவோடும் அது முடிவதில்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே, சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிகளைச் சங்கிலிபோல் கோத்து வைத்தார்கள் நம் முன்னோர். ஒன்று நிரம்பினால் மிகுநீர் அடுத்ததற்குப் போகும், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். அந்தச் சதுப்பு நிலத்தை 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். மேல் ஏரியின் வரத்துக்கால்வாயில் ஒருவர் குப்பை கொட்டினால் கீழ் ஏரிக் கரையிலிருப்பவர் அவதிப்படுவார். 2019ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் சிட்லபாக்கம் ஏரியில் ஊர் மக்களே இறங்கித் தூர்வாரியதை நாம் அறிவோம். அவர்கள் கை வைத்த பிறகு அரசும் கை வைத்தது. வார்டு எல்லை நம் வசதிக்காகப் போட்ட கோடு. தண்ணீர் அதைப் பார்த்து நிற்பதில்லை.

உண்மையாகவே தீவில் வாழ்கிறவர்கள் எப்படிக் கூடிப் பேசுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். தென் அட்லாண்டிக் பெருங்கடலில் டிரிஸ்டான் டா குன்யா என்றொரு தீவு உண்டு. ஆங்கிலேய ஆட்சிப்பகுதியான அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய 250 பேர்தான். ஆப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து கப்பலில் கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். அந்தச் சிற்றூருக்கும் ஒரு மன்றம் இருக்கிறது. எட்டுப் பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மூவர் நியமிக்கப்படுகிறார்கள், ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். 1961இல் எரிமலை வெடித்தபோது தீவு முழுவதையும் காலி செய்து மக்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே மின்விளக்கும் கூலி வேலையும் கடைவீதியும் கிடைத்தன. 1962இல் அவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. திரும்பிப் போக வேண்டும் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் ஐவர். 1963இல் பெரும்பாலோர் தங்கள் தீவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. 250 பேர் வாழும் தீவில், கூட்டத்தில் ஒருவரோடு சண்டை போட்டால் மறுநாள் காலை அவர் படகில்தான் மீன் பிடிக்கப் போக வேண்டும். ஆகவே பேச்சில் அளவு இருக்கும், கேட்பதில் பொறுமை இருக்கும். நம் வார்டில் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், கூட்டத்தில் கத்திவிட்டு மறுநாள் முகம் பார்க்காமல் மின்சார ரயில் ஏறிவிடலாம். அந்த வசதியே நம் கூட்டங்களைக் கெடுக்கிறது.

"கூட்டம், குழு எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. சென்னை மாநகராட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்தது 1688இல். அதற்கு 750 ஆண்டுகளுக்கும் முன்னரே, நம் செங்கல்பட்டைத் தாண்டிச் சென்றால் வரும் உத்திரமேரூரில் குழு ஆட்சி நடந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வாறு வந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஏரிக்கென்றே தனிக் குழு இருந்ததைக் கவனியுங்கள்.

அந்தக் கல்வெட்டில் எம் மனத்தைத் தைப்பது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர், அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும், மறுபடி குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர். குற்றம் கண்டுபிடித்துத் தண்டிப்பதெல்லாம் பிறகு, கணக்குச் சொல்லாததே போதும்! ஆனால் அந்தச் சபையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதும் ஆகாது. அது பிராமணர்களின் ஊர்ச் சபை. சொந்த மனையும் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே குடத்தில் இடம் இருந்தது. உழுதவருக்கும், ஏரியில் மண் சுமந்த பெண்ணுக்கும் ஓலை இல்லை. இன்று நம் சட்டம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. பட்டியலின மக்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. அன்று இல்லாத கதவு இன்று திறந்திருக்கிறது. அன்று இருந்த கணக்குக் கேட்கும் பழக்கம் இன்று நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் கதவும் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. நம் பங்கின் ஒரு தாய், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர், எம்மிடம் சொன்னதைக் கேளுங்கள். "கூட்டம் காலையில பதினோரு மணிக்குன்னு சொல்றாங்க சாமி. அந்த நேரத்துல போனா ஒரு வீட்டு வேலை போயிடும். எங்க தெருக் குழாயில ரெண்டு வாரமாக் கலங்கலாத் தண்ணி வருது. அதை யாரு போய்ச் சொல்றது?" அவருடைய அன்பியத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் அந்தத் தெருவுக்கு நடந்து சென்று, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, எட்டு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். உரக்கப் பேசவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்து, "தம்பி, இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். எழுதினார்கள். அடுத்த வாரம் தோண்டிப் பார்த்ததில், சாக்கடையை ஒட்டிச் சென்ற குழாயின் இணைப்பு விட்டிருந்தது. சரி செய்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாயே வந்துவிட்டார், தம் வேலையை அன்று வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு! அவர் எழுப்பிய கேள்வி பக்கத்துத் தெருவைப் பற்றியது. அந்தத் தெருவுக்கு இன்னும் விடிவு வரவில்லை. அதற்காக அவர் தொடர்ந்து போகிறார்.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டிய சில காரியங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். தெருப் பெயர், விளக்குக் கம்பத்தின் எண், எந்த நாளிலிருந்து என்ற விவரம் இருக்கட்டும். ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். "எங்கள் ஏரியா மோசம்" என்பதை யாரும் சரி செய்ய முடியாது. "பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள கம்பத்தில் இருபது நாளாக விளக்கில்லை" என்பதைச் செய்யலாம்.

இரண்டாவது, கூட்டம் தொடங்கியதும் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிக்கச் சொல்லிப் பணிவுடன் கேளுங்கள. எவை முடிந்தன, எவை முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று தெரிந்த பிறகே புதிய குறைகளுக்குப் போவோம். இதைக் கேட்பதற்கு ஒருவர் இருந்தாலே குறிப்பேடு ஒழுங்காக எழுதப்படும்.

மூன்றாவது, வர முடியாதவரின் குறையைக் கொண்டுபோங்கள். வாடகைக்கு இருப்பவர், கட்டட வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர், நடக்க முடியாத முதியவர் ஆகியோரின் பேச்சு அங்கே ஏற வேண்டும். கூட்டத்தை ஞாயிறு மாலையிலோ, வேலை முடிந்த பின்னரோ வைக்கச் சொல்லியும் கேட்கலாம்.

நான்காவது, கவுன்சிலரும் ஒரு மனிதர் என்பதை மறந்துவிடலாகாது. இரவு பத்து மணிக்கு மின்சாரம் போனாலும், நாய் கடித்தாலும் அவருக்குத்தான் தொலைபேசி அழைப்பு. அவர் கையில் இல்லாத துறைகளுக்கும் அவரே ஏச்சு வாங்குகிறார். வேலை நடந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நன்றி சொல்லுங்கள். நன்றி சொல்லத் தெரிந்தவர் கேட்கும் கேள்விக்கு எடை கூடும். அதே சமயம், நமக்கு உரிமையானதை அவர் தரும் தயவாக எண்ணிப் பொன்னாடையோடு போய் நிற்கவும் வேண்டாம்.

ஐந்தாவது நமக்கே உரியது. அங்கே கிறிஸ்தவர்கள் என்ற பெயரில் வரிசையில் முந்திப் போகாதீர்கள். பங்கின் வாக்குகளைக் கணக்குச் சொல்லி ஒரு காரியம் முடித்துத் தரும்படி எம்மிடம் எவரும் கேட்க வேண்டாம். அதற்கு நாம் இசைய மாட்டோம். நம் தெருவில் மசூதிக்குப் போகிறவரும் அம்மன் கோயிலுக்குப் போகிறவரும் ஒரே சாக்கடையின் நாற்றத்தைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து போங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை வேண்டும் என்று நாம் கேட்கும் நாளில், அவர்களுடைய சுடுகாட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்போம்.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு, பொது மக்களுக்காக அரசியல் பொறுப்பைச் சுமப்பவர்களின் பணியைப் பாராட்டுகிறது. ஆலயத்தில் வாசகம் வாசிப்பது எப்படியோ, அப்படியே வார்டுக் கூட்டத்தில் ஏழையின் மனுவை வாசிப்பதும் பொதுநிலையினரின் பணியே. வெளியே கணக்குக் கேட்பவர் வீட்டிலும் கணக்குச் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537ஆம் எண், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆகவே இந்த யூபிலி விழாவின் வரவு செலவும், இந்த மலருக்கு வந்த விளம்பரப் பணம் உட்பட, விழா முடிந்த மாதத்திலேயே ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாசிக்கப்படும். கேள்வி கேட்பவர் எவரும் எம் மனத்தைப் புண்படுத்துவதாக எண்ண வேண்டாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியமும் தன் வார்டின் அடுத்த கூட்டத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஒருவர் வாடகை வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். கூட்டம் எந்த நாள், எந்த இடம் என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டறிந்து ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். திரும்பி வந்ததும் அங்கே பேசப்பட்டதை அன்பியக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும், முதல் முறை ஒன்றும் நடக்காவிட்டாலும், இரண்டாம் முறையும் போங்கள். அடுத்த பெருமழை எந்த ஆண்டு வரும் என்று நமக்குத் தெரியாது. அது வருமுன் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் ஏற்றிவைக்க நம்மால் முடியும்.

ஊரின் நலனைத் தேடும் உங்கள் உழைப்பை இறைவன் ஆசீர்வதிப்பாராக!